உளியும் வழிபாடும் – 11: வாய்மையின் இடத்து வேலையாட்கள்

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். எகிப்தில் ஒரு மலை மடிப்பில் கிணறு வெட்டினார்கள். சுமார் 50 மீட்டர் ஆழம் போயும் ஒரு சொட்டு நீர் ஊறவில்லை. வெட்டியவர்கள் சலித்து விட்டுவிட்டார்கள். திறந்து கிடந்த குழியில் ஊர்க்குப்பை விழுந்து விழுந்து நிறைந்தது. 1940களின் முடிவில் பிரெஞ்சுத் தொல்லியலாளர் பெர்னார் ப்ரூயேர் அந்தக் குழியைத் தோண்டிக் காலி செய்தபோது 5,000 வாக்கில் எழுத்துச் சில்லுகள் வெளியே வந்தன. சுண்ணாம்புக்கல் செதில்களும் உடைந்த பானை ஓடுகளும்தான் அவை. அவற்றில் மையால் எழுதியிருந்தது சலவைக் கணக்கு, கடன் பாக்கி, கழுதை வாடகைத் தகராறு, மகனுக்கு எழுதிய கடிதம், கனவுக்குப் பலன், காதல் பாட்டு. தண்ணீர் தராத கிணறு ஓர் ஊரையே மீட்டுத் தந்தது.

சென்ற இதழில் ஊர் நகரத்து ஜிகுராத்தின் படிகளில் நின்றோம். அந்தச் செங்கற்களில் ஊர்-நம்மு அரசரின் பெயர் முத்திரையாகப் பதிந்திருந்தது. செங்கல் அறுத்தவரின் பெயரோ, அடுக்கியவரின் பெயரோ எங்கும் இல்லை. பண்டைய உலகத்தின் பெரும்பாலான கோயில்களுக்கும் கல்லறைகளுக்கும் கதை இதுதான். எடுப்பித்தவர் பெயர் நிற்கும், எடுத்தவர் பெயர் மறையும். இன்று நாம் போகிற ஊர் அதற்கு விலக்கு. இங்கே உளி பிடித்தவரின் பெயர் தெரியும், அவர் அப்பா பெயர் தெரியும், எந்த நாளில் எதற்காக வேலைக்கு வரவில்லை என்பதுகூடத் தெரியும்.

இன்றைய லக்சர் நகருக்கு எதிரே, நைல் நதியின் மேற்குக் கரையில், அரசர்களின் பள்ளத்தாக்குக்கும் அரசியரின் பள்ளத்தாக்குக்கும் இடையில் அந்த ஊர் கிடக்கிறது. அரபியில் தேர் எல் மெதினா. பிற்காலத்தில் அங்கிருந்த கிறித்தவ மடத்தால் வந்த பெயர் அது. குடியிருந்தவர்கள் தங்கள் பணியிடத்தை ‘செத் மாஅத்’ என்றார்கள். மாஅத் என்ற எகிப்தியச் சொல்லை ஒரே சொல்லில் தமிழாக்க முடியாது. உண்மை, நேர்மை, அறம், உலகம் தடம் புரளாமல் ஓடுகிற ஒழுங்கு எல்லாம் அதற்குள் அடக்கம். ‘வாய்மையின் இடம்’ என்று வைத்துக்கொள்வோம். அங்கே வேலை செய்தவர் ஒவ்வொருவரும் தன் கல்லறையிலும் நேர்ச்சைக் கல்லிலும் தன்னை ‘வாய்மையின் இடத்துப் பணியாள்’ என்றே எழுதிக்கொண்டார். அவர்களுடைய வேலை, அரசர்களின் கல்லறைகளைக் குடைந்து, செதுக்கி, தீட்டி முடிப்பது.

இப்படி ஓர் ஊர் ஏன் தேவைப்பட்டது? பிரமிடு காலத்தில் அரசனின் கல்லறையைக் கண்ணில்லாதவன்கூடக் கண்டுபிடிக்கலாம். வானளாவ நிற்கும் அந்தக் கல்மலை, உள்ளே தங்கம் இருக்கிறது என்று கள்வர்களைக் கூவி அழைத்தது. கி.மு. 1500 வாக்கில் ஆண்ட முதலாம் துட்மோஸ் காலத்தில் வழி மாறியிருந்தது. கல்லறை ஒரு பாழ்ப் பள்ளத்தாக்கின் பாறைக்குள் போய் ஒளிந்தது. வழிபாட்டுக்கான கோயில் தனியே வயல் ஓரத்துக்கு வந்தது. அவருடைய கட்டட அதிகாரி இனெனி, அரசரின் குடைவரையை யாரும் பார்க்காமல், யாரும் கேட்காமல் தானே மேற்பார்த்ததாகத் தன் கல்லறையில் பெருமையோடு பொறித்திருக்கிறார். இரகசியம் காக்க வேண்டும் என்றால் வேலைக்காரர்கள் ஓரிடத்தில் இருக்க வேண்டும். ஊரைச் சுற்றிய பழைய மதில் செங்கற்களில் இருப்பது இந்தத் துட்மோஸின் முத்திரைதான். ஆனால் ஊர் மக்கள் தங்கள் காவல் தெய்வமாகக் கும்பிட்டது அவருக்கு முன் ஆண்ட முதலாம் அமென்ஹோதெப்பையும், அவருடைய தாய் அகமோஸ்-நெஃபர்தாரியையும். இந்த ராணியின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முடிவதற்குள் மீண்டும் வருவார்.

ஊர் மிகச் சிறியது. மதிலுக்குள் ஏறக்குறைய 130 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம், 68 வீடுகள். ஒரு சுவரை இரண்டு வீடுகள் பகிர்ந்துகொண்டு, தெருவிலிருந்து உள்ளே ஒன்றன்பின் ஒன்றாக அறைகள் போகும். முன் அறையில் வீட்டுத் தெய்வத்துக்கு மண் மேடை. அடுத்த அறையில் ஒரு தூணும் சாய்ந்து உட்காரத் திண்ணையும். கடைசியில் கூரையில்லாத சமையல்கட்டு. வாசல் நிலையில் வீட்டுக்காரர் பெயர் சிவப்பில் எழுதியிருக்கும். பசுமை என்று ஒரு புல்கூட இல்லாத பாறைச் சரிவு அது. குடிதண்ணீர் நாள்தோறும் கழுதை மேல் வர வேண்டும். தண்ணீர் சுமப்பவர், மீன் பிடிப்பவர், காய்கறி கொண்டுவருபவர், விறகு வெட்டி, குயவர், வண்ணார் என்று இந்த ஒரு சிற்றூருக்குச் சேவகம் செய்யவே அரசு தனியாக ஆள் வைத்திருந்தது.

வேலையாட்கள் பெரும்பாலும் 40 முதல் 60 பேர். நான்காம் ராம்சேஸ் ஒரே அடியாக 120 ஆக உயர்த்தினார். ஆறாம் ராம்சேஸ் 60 ஆகக் குறைத்தார். குழுவுக்கு அவர்கள் வைத்திருந்த சொல் கப்பல் சிப்பந்திகளுக்குரிய சொல். கப்பலில் போலவே வலப்பக்கம், இடப்பக்கம் என்று இரண்டு அணிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மேஸ்திரி, ஒரு துணை மேஸ்திரி. எல்லோருக்கும் மேலே ஓர் எழுத்தர். அவர் சாதாரணக் கணக்குப்பிள்ளை அல்ல. தலைமை அமைச்சருக்கு நேரடியாக அறிக்கை அனுப்புகிறவர். வாரம் என்பது பத்து நாள். வேலை நாள்களில் ஊருக்குத் திரும்பாமல், பள்ளத்தாக்குக்கு மேலே மலைக்கணவாயில் கட்டிய கல்குடிசைகளில் தங்கிக்கொண்டு, வாரக் கடைசியில் வீடு இறங்குவார்கள்.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு பெரிய சுண்ணாம்புக்கல் பலகை இருக்கிறது. இரண்டாம் ராம்சேஸின் 40-ஆம் ஆட்சியாண்டு, அதாவது கி.மு. 1240 வாக்கில் எழுதிய வருகைப் பதிவேடு அது. 40 பேர் பெயர், 280 நாள் கணக்கு. வராத நாளைக் கறுப்பிலும் காரணத்தை அதன் மேல் சிவப்பிலும் எழுதியிருக்கிறார்கள். ஒருவரைத் தேள் கொட்டியது. ஒருவருக்குக் கண்வலி. ஒருவர் இறந்த தாயின் உடலைத் துணி சுற்றப் போனார். ஒருவர் பண்டிகைக்குப் பீர் காய்ச்சினார். ஒருவரின் மனைவிக்கோ மகளுக்கோ மாதவிலக்கு. மருந்து தயாரிப்பதற்காக அடிக்கடி வராமல் போகிற ஒருவரும் இருக்கிறார். எகிப்தின் கற்கட்டடங்கள் எல்லாம் சாட்டையடி வாங்கிய அடிமைகளின் வேலை என்று சினிமா நமக்குச் சொல்லித் தந்ததை நான் பள்ளி நாள்களில் நம்பியிருந்தேன். அந்தப் பலகையின் படத்தைப் பார்த்த பிறகு நம்ப முடியவில்லை.

இனி மலைக்குள் போவோம். இந்தத் தொடர் அதற்காகத்தானே.

அரசன் முடிசூடிய கையோடு அவனுடைய கல்லறைக்கு இடம் தேர்வார்கள். தலைமை அமைச்சரே வந்து இடம் குறிப்பதுண்டு. தேர்வு எப்போதும் சரியாக அமையாது. செத்நக்த் அரசருக்காகக் குடைந்துகொண்டு போனவர்கள் பாதி வழியில் பழைய அரசர் அமென்மெஸ்ஸேயின் கல்லறைக்குள் உடைத்துக்கொண்டு நுழைந்துவிட்டார்கள்; மகன் மூன்றாம் ராம்சேஸ் அந்தக் குடைவையே எடுத்து, அச்சை ஒரு பக்கம் நகர்த்தித் தனக்காக்கிக்கொண்டார். பாறை சுண்ணாம்புக்கல், நடுநடுவே சிக்கிமுக்கிக்கல் முடிச்சுகள். உளி வெண்கலத்தாலும் செம்பாலும் ஆனது. அந்த உலோகம் எளிதில் மழுங்கும். ஆகவே உளிகள் அரசுச் சொத்து. கொடுக்கும்போது எடைபோட்டுக் கொடுப்பார்கள். மழுங்கியதைத் திரும்ப வாங்கும்போது எடை பார்த்து, உருக்கிப் புது உளி வார்ப்பார்கள். இன்ன உளியின் எடை இது என்று எழுதிய கல் எடைக்கற்கள் கிடைத்திருக்கின்றன. ஒரு வராகன் எடை சுரண்டினாலும் தெரிந்துவிடும்.

முன்னால் கல் உடைப்பவர்கள் மரக் கொட்டாப்புளியால் அடித்துக்கொண்டு போவார்கள். பின்னால் கூடைக்காரர்கள் சில்லை அள்ளி வெளியே கொட்டுவார்கள். அதற்கும் பின்னால் சுவரை மட்டம் பார்த்துச் சமன் செய்கிறவர்கள். எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும்; முன்னறையில் சிற்பி செதுக்கிக்கொண்டிருக்கும்போதே கடைசி அறை இன்னும் பாறையாக இருக்கும். வெளிச்சத்துக்குத் துணித் திரி. பழந்துணியை முறுக்கிக் கொழுப்பில் தோய்த்துச் செய்த திரிகளை எண்ணிக் கொடுத்தார்கள். காலைக்கு எத்தனை, பிற்பகலுக்கு எத்தனை என்று நாள் கணக்கு இருக்கிறது. உள்ளே எவ்வளவு நேரம் வேலை நடந்தது என்பதைத் திரிக் கணக்கை வைத்தே ஆராய்ச்சியாளர்கள் ஊகிக்கிறார்கள்.

சுவர் தயாரானதும் பாறையின் குறைகளை ஜிப்சம் சுதை பூசி மறைப்பார்கள். அப்புறம் நூல் அடிப்பார்கள். நம் கொத்தனார்கள் செய்வது போலவேதான்: நூலைக் காவியில் தோய்த்து, இரண்டு பேர் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டிவிடுவது. சுவர் முழுக்கச் சிவப்புக் கட்டங்கள் விழும். நிற்கும் மனித உருவத்துக்கு உள்ளங்காலிலிருந்து நெற்றியில் மயிர் தொடங்கும் இடம் வரை 18 கட்டம். முழங்கால் எந்தக் கட்டம், தோள் எந்தக் கட்டம் என்பதெல்லாம் மரபு. கோடு வரைபவர்கள் அந்தக் கட்டங்களில் காவியால் உருவம் எழுதுவார்கள். தலைமை ஓவியர் வந்து கறுப்பு மையால் திருத்துவார். அதன் பிறகுதான் சிற்பியின் உளி. அதற்கும் பிறகு வண்ணம்.

இந்தப் படிகள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க ஹோரெம்ஹெப் அரசரின் கல்லறைக்குப் போக வேண்டும். 1908இல் கண்டுபிடித்தது. கி.மு. 1292 வாக்கில் அரசர் இறந்தபோது வேலை முடிந்திருக்கவில்லை. இறந்தவரை உடல்பதம் செய்து முடிக்க வழக்கமாக 70 நாள். அதற்குள் எது முடியுமோ அதுதான் முடிவு. ஒரு சுவரில் வெறும் சிவப்புக் கோடு. அதையடுத்துக் கறுப்புத் திருத்தம். இன்னோர் இடத்தில் பாதி வரை உளி போய் நின்றிருக்கிறது. ஒரு தெய்வத்தின் தோளைச் சிவப்புக் கோடு ஓரிடத்தில் வைக்க, கறுப்புக் கோடு ஒரு விரற்கடை உள்ளே தள்ளுகிறது. சீடனின் கையும் ஆசானின் கையும் 3,300 ஆண்டுகளாக அங்கே பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. முழுமையாகத் தீட்டி முடித்த எந்தச் சுவரையும்விட இந்த முடியாத சுவர்தான் எனக்குப் பெரிது. முதலாம் சேத்தியின் கல்லறையிலும் அப்படி ஓர் அறை இருக்கிறது. வெறும் கோட்டோவியங்கள் மட்டும், உளி படாமல். 1817இல் அதற்குள் முதலில் நுழைந்த பெல்சோனி என்ற இத்தாலியர் அந்தக் கோடுகளின் உறுதியைக் கண்டு வியந்தார்.

வண்ணங்களில் பெரும்பாலானவை மண்ணும் கல்லும்: சிவப்புக் காவி, மஞ்சள் காவி, மாலகைட் பச்சை, கரி. நீலம் மட்டும் மனிதன் சமைத்தது. மணல், சுண்ணாம்பு, செம்பு, உருக எளிதாக்க நேட்ரான் உப்பு, எல்லாவற்றையும் சூளையில் 900 டிகிரி வாக்கில் பல மணி நேரம் வேகவைத்து, ஆறியதும் அரைத்தால் நீலப்பொடி. உலகத்தில் மனிதன் செயற்கையாகச் செய்த மிகப் பழைய நிறமிகளில் இது ஒன்று. சவ அறையின் மேற்கூரையில் இரவு வானத்துக்கு இந்த நீலம்தான்; அதில் மஞ்சள் விண்மீன்கள்.

இவ்வளவு பாடும் யார் பார்ப்பதற்கு? ஒருவரும் பார்ப்பதற்கில்லை. அரசனை வைத்து வாசலை அடைத்து முத்திரையிட்ட பிறகு அந்தச் சித்திரங்களை மனிதக் கண் பார்க்கவே கூடாது. எகிப்தியரின் புனிதக் கலையைப் புரிந்துகொள்ள இதைவிட்டால் வேறு வாசல் இல்லை. அந்த ஓவியங்கள் அலங்காரம் அல்ல, செயல். சூரியன் இரவின் பன்னிரண்டு மணி நேரமும் பாதாள ஆற்றில் படகில் போவதைச் சுவரில் எழுதினால், அந்தப் பயணம் அங்கே நடக்கிறது. அரசனும் அந்தப் படகில் ஏறிவிடுகிறான். பாம்பு வரைந்தால் அது கடிக்கும். ஆகவே சில பழைய கல்லறை எழுத்துகளில் பாம்பு வடிவ எழுத்தை வேண்டுமென்றே துண்டித்து எழுதினார்கள். சிற்பியைக் குறிக்க எகிப்தியர் வைத்திருந்த சொற்களில் ஒன்றுக்கு ‘உயிர்ப்பிப்பவர்’ என்று பொருள். சிலைக்கும் மம்மிக்கும் வாய் திறக்கும் சடங்கு உண்டு. சடங்கில் குரு எடுக்கிற கருவிகளில் ஒன்று தச்சனின் வாய்ச்சி. பட்டறைக் கருவியே பூசைக் கருவியாகிவிட்ட இடம் அது. சவ அறையை அவர்கள் ‘பொன் வீடு’ என்றார்கள். பொன் தெய்வங்களின் தசை என்பது அவர்கள் நம்பிக்கை.

இருட்டும் திரிப்புகையும் கல்தூசியும் கண்ணைத்தான் முதலில் தின்றன. பாய் என்ற ஓவியர் தன் மகனுக்கு எழுதிய சில்லு ஒன்று பெர்லினில் இருக்கிறது. மகனும் ஓவியர். என்னைக் கைவிட்டுவிடாதே, உடம்பு சரியில்லை, கண்ணுக்குப் போடத் தேன் கொண்டுவா, கொஞ்சம் காவியும் அசல் கண்மையும் கொண்டுவா, பார்வை போய்விட்டது, நான் உன் அப்பா அல்லவா என்று கெஞ்சுகிறார். பார்வை போன மனிதர் மருந்தோடு மருந்தாகக் காவியும் கேட்கிறாரே, அந்த இடத்தைத் தாண்டி என்னால் சுலபமாகப் போக முடியவில்லை. நெஃபெரபு என்பவர் தன் குருட்டுத்தன்மைக்கு வேறு காரணம் சொல்கிறார். கைவினைஞர்களின் கடவுளான ப்தாவின் பெயரில் பொய்ச் சத்தியம் செய்தேன், பட்டப்பகலில் எனக்கு இருளைக் காட்டினார் என்று ஒரு கல்லில் பொறித்து வைத்தார். அவரே மெரெட்செகருக்கும் ஒரு நேர்ச்சைக் கல் வைத்திருக்கிறார். மெரெட்செகர் என்றால் ‘மௌனத்தை விரும்புகிறவள்’. பள்ளத்தாக்கின் தலையில் பிரமிடு போல நிற்கிற சிகரம்தான் அவள், நாக வடிவம். தப்புச் செய்தேன், மலை உச்சி என்னைத் தண்டித்தது, வேண்டினேன், தென்றலாக வந்து மன்னித்தாள் என்கிறார். எகிப்தின் பெரிய கோயில்களில் சாதாரண மனிதன் தன் பாவத்தை இப்படிப் பேசிய குரல் அரிது. உளி பிடித்தவர்களின் ஊரில் அது கேட்கிறது.

தங்களுக்கான கல்லறைகளை அவர்கள் ஊரை ஒட்டிய சரிவிலேயே, ஓய்வு நாள்களில் குடைந்துகொண்டார்கள். மேலே செங்கல்லால் சின்னஞ்சிறு பிரமிடு. அரசர்கள் பிரமிடைக் கைவிட்ட பிறகு அதைத் தொழிலாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். உறவுக்காரர்கள் வந்து படையல் போட ஒரு சிறு கோயில். அதற்குக் கீழே சவ அறை. 1886இல் திறந்த சென்னெஜெமின் அறையைப் பாருங்கள். அரசன் கல்லறையில் பாதாளமும் அரக்கரும் சூரியப்படகும். இங்கே மஞ்சள் பின்னணியில் சென்னெஜெமும் மனைவி ஐய்நெஃபெர்தியும் வெள்ளை உடுத்தி மறுமையில் கதிர் அறுக்கிறார்கள், ஏர் ஓட்டுகிறார்கள். ஆள் உயரக் கதிர், பழம் தொங்கும் மரங்கள், சுற்றிலும் நீலத் தண்ணீர். பொட்டல் பாறையில் கழுதை சுமந்த தண்ணீரைக் குடித்து வாழ்ந்தவர் சொர்க்கத்தில் கேட்டது ஒரு வயலும் அதைச் சுற்றி வாய்க்காலும். மேற்பார்வையாளர் காவும் மனைவி மெரித்தும் படுத்திருந்த கல்லறை 1906இல் கள்வர் கை படாமலே கிடைத்தது. ரொட்டி, கட்டில், தைலப்பெட்டி, விளக்கு எல்லாம் இப்போது இத்தாலியில் டூரின் நகரத்தில் இருக்கின்றன. அவருடைய பொருள்களில் இரண்டு முழக்கோல்கள். ஒன்று பொன்தகடு போர்த்தியது, அரசர் இரண்டாம் அமென்ஹோதெப் தந்த பரிசு. இன்னொன்று மரம், மடக்கிப் பையில் போட்டு வேலைக்கு எடுத்துப் போகிற மாதிரி. 52 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம் ஒரு முழம், 28 விரல்.

படி அளக்கிறவன் அரசன். நாணயம் அப்போது கிடையாது. சாதாரண வேலையாளுக்கு மாதம் 4 மூட்டை எம்மர் கோதுமை, 1½ மூட்டை வாற்கோதுமை. முன்னது ரொட்டிக்கு, பின்னது பீருக்கு. அவர்கள் மூட்டை நம் கணக்கில் சுமார் 76 லிட்டர். மேஸ்திரிக்குக் கொஞ்சம் கூடுதல். ஊரில் ஒரு குடும்பம் வயிறார உண்டு, மிஞ்சியதைப் பண்டமாற்றுக்கு வைத்துக்கொள்ளப் போதுமான படி. ஓய்வில் அக்கம்பக்கத்துப் பணக்காரருக்குச் சவப்பெட்டி தீட்டிக் கொடுத்துத் தனி வருமானமும் பார்த்தார்கள்.

மூன்றாம் ராம்சேஸின் 16-ஆம் ஆண்டில் அமென்நக்த் என்ற ஓவியர் ஊர் எழுத்தராக உயர்ந்தார். நான்காம் ராம்சேஸ் கல்லறையின் வரைபடம் ஒன்று பாப்பிரஸ் தாளில் டூரினில் இருக்கிறதே, அறை அறையாக முழக் கணக்கோடு, அது இவர் கை என்றே கருதுகிறார்கள். பாலைவனத் தங்கச் சுரங்கத்தின் புகழ்பெற்ற வரைபடமும் அப்படியே. ஆனால் அவர் எழுதியவற்றில் எனக்கு முதன்மையானது வேறொரு பாப்பிரஸ்.

29-ஆம் ஆண்டு, கி.மு. 1157 வாக்கு. அரசருக்கு யூபிலி விழா நெருங்குகிறது. களஞ்சியத்திலிருந்து தானியம் வரவில்லை. குளிர்காலத்தின் இரண்டாம் மாதம் 10-ஆம் நாள் குழு முழுவதும் கருவிகளைப் போட்டுவிட்டு, கல்லறைப் பகுதியின் ஐந்து காவல் சுவர்களையும் தாண்டி நடந்தது. 18 நாள் ஆகிவிட்டது, பசிக்கிறது என்று சொல்லிவிட்டு மூன்றாம் துட்மோஸ் கோயிலின் பின்புறம் போய் உட்கார்ந்தார்கள். மறுநாளும் உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாள் ராம்சேஸியம் கோயிலுக்குள்ளேயே நுழைந்துவிட்டார்கள். ஏன் கோயில்? தானியம் இருந்தது கோயிலில்தான். ராம்சேஸியத்தைச் சுற்றி அந்தச் செங்கல் களஞ்சியங்களின் வளைவுக் கூரைகள் இன்றும் நிற்கின்றன. பசியோடும் தாகத்தோடும் வந்திருக்கிறோம், துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை, எங்கள் தலைவரான அரசருக்கு எழுதுங்கள் என்றார்கள். முந்தின மாதப் படி வந்தது. நடப்பு மாதப் படி வரவில்லை. காவல் தலைவர் மொந்துமோஸே, வீட்டைப் பூட்டிக்கொண்டு பெண்டு பிள்ளைகளோடு வாருங்கள், நானே முன்னால் நடந்து சேத்தி கோயிலில் உங்களை உட்காரவைக்கிறேன் என்றார். 17-ஆம் நாள் அந்தப் படியும் அளந்தார்கள்.

அதோடு ஓயவில்லை. அடுத்த மாதமும் சுவர் தாண்டினார்கள். அப்போது அவர்கள் சொன்னது: நாங்கள் பசிக்காக மட்டும் வரவில்லை, அரசரின் இந்த இடத்தில் அநியாயம் நடந்திருக்கிறது. கோயில் படிக்கட்டில் உட்கார்ந்த பசித்த கூட்டம் கேட்டது தானியத்தோடு சேர்த்து மாஅத்தையும்தான். யாருடைய ஊர்ப்பெயரில் வாய்மை இருந்ததோ அவர்கள்தான் அதைக் கேட்டார்கள். எழுத்தில் பதிவாகி நமக்குக் கிடைத்த வேலைநிறுத்தங்களில் இதுவே மிகப் பழையது. தலைமை அமைச்சர் தோ, களஞ்சியமே காலியானாலும் கிடைப்பதைத் தருவேன் என்று சொல்லி அனுப்பினார். கிடைத்தது பாதிப் படி. நாள் தவறாமல் எல்லாவற்றையும் குறித்துவைத்தவர் எழுத்தர் அமென்நக்த்.

ஊரில் எல்லோரும் உத்தமர்கள் இல்லை. பானெப் என்ற மேஸ்திரி, இரண்டாம் சேத்தி கல்லறையிலிருந்து திருடினார், அரசுக் கூலியாட்களைத் தன் கல்லறைக்கு உழைக்கவைத்தார், ஆளை அடித்தார் என்று ஒரு நீண்ட புகார் இருக்கிறது. எழுதியவர் அந்த மேஸ்திரி பதவி தனக்கு வர வேண்டும் என்று நினைத்தவர். ஆகவே அதில் பாதியைக் கழித்துத்தான் வாசிக்க வேண்டும். ஆனால் ஒன்பதாம் ராம்சேஸ் காலத்தில் நடந்த கல்லறைக் கொள்ளை விசாரணைகளில் இந்த ஊர்க்காரர்களே சிக்கியதைக் கழிக்க முடியாது. படி தவறத் தவற, பாறைக்குள் எங்கே தங்கம் இருக்கிறது என்று தெரிந்தவர்களின் கை நடுங்கத் தொடங்கியது.

பதினோராம் ராம்சேஸ் காலத்தில் மேற்கே இருந்து லிபியர் தாக்குதல். ஊரைக் காலி செய்து, மெதினெத் ஹாபு கோயில் மதிலுக்குள் குடி புகுந்தார்கள். அது மூன்றாம் ராம்சேஸின் கோயில். அப்போது எழுத்தர் துட்மோஸ், அமென்நக்தின் கொள்ளுப்பேரன். துட்மோஸின் மகன் புதெகாமுனும் எழுத்தர். மதிலுக்குள் அவர் வீட்டுத் தூண்கள் இன்றும் நிற்கின்றன. புதிய கல்லறை வெட்ட அரசிடம் பொருள் இல்லை. தெற்கே போர் நடத்திய தளபதி பியாங்கிடமிருந்து கடிதம் வந்தது: பழைய கல்லறை ஒன்றைத் திறந்து, நான் வரும்வரை முத்திரையோடு வைத்திருங்கள். முன்னோர் பாதுகாத்து மூடிய வாசல்களைப் பேரப்பிள்ளைகள் திறந்தார்கள். அரசர்களின் உடல்களை வெளியே எடுத்து, பொன்னை அகற்றி, புதுத் துணி சுற்றி, கள்வர் அறியாத மறைவிடங்களுக்கு மாற்றினார்கள்.

அப்படி மாற்றிய மம்மிகளில் பல 1881இல் தேர் எல் பஹ்ரி அருகே ஒரு பாறைக்குழியில் ஒன்றாகக் கிடைத்தன. ஊர் மக்கள் கும்பிட்ட ராணி அகமோஸ்-நெஃபர்தாரியின் பெரிய சவப்பெட்டிக்குள் இன்னோர் உடலும் இருந்தது. 1886இல் அதன் துணிகளைப் பிரித்தார்கள். அது மூன்றாம் ராம்சேஸ், 29-ஆம் ஆண்டில் படி அளக்கத் தவறிய அரசர். 2021 ஏப்ரல் முதல் கெய்ரோவில் எகிப்திய நாகரிகத் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறார். அவர் உடலைச் சுற்றிய துணியில் கறுப்பு மையால் எழுதிய குறிப்பு ஒன்று இருந்தது: 13-ஆம் ஆண்டு, கோடையின் இரண்டாம் மாதம், 27-ஆம் நாள், அரசருக்குத் திரும்பவும் சடங்கு செய்து பத்திரப்படுத்தும் பணி இன்னின்னாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதிலுள்ள பெயர்களில் ஒன்று, கல்லறை எழுத்தர் புதெகாமுன்.